துணியில் கலம், கண்ணாடியில் எழுதுகோல்

நுழையும்முன்

பிழைப்பு நாடி வேற்றூருக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் தம்முடன் எடுத்துச் செல்லும் பொருள்கள் சிலவே. அவற்றுள் ஒன்று பழைய நிழற்படத் தொகுப்பு. ஆண்டுகள் செல்லச் செல்ல ஈரமும் தூசியும் வெளிச்சமும் அப்படங்களை மெல்ல மெல்ல அழிக்கின்றன. அவற்றைச் செப்பனிடும் கலையைக் கற்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பலகைக்கணினியும் பொருத்தமான ஓர் எழுதுகோலும் போதும். அக்கலையையும் அதில் காக்கவேண்டிய நேர்மையையும் இப்பாடம் விளக்குகிறது.

பொன்முகலிக் கரையின் எழுதுகோல்

காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்குச் செல்கிறது ஓர் இருப்புப்பாதை. அப்பாதையை ஒட்டிய ஊர்களில் தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாகச் சேர்ந்தே ஒலித்து வருகின்றன. 1911ஆம் ஆண்டு உருவான சித்தூர் மாவட்டம் அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் இருந்தது. 2022ஆம் ஆண்டு அம்மாவட்டத்தின் ஒரு பகுதியும் அண்டை மாவட்டமாகிய நெல்லூரின் சில பகுதிகளும் சேர்ந்து திருப்பதி மாவட்டம் ஆயின.

திருப்பதியிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ளது சீகாளத்தி. தமிழர் அதனைத் திருக்காளத்தி என்றும், அங்கே ஓடும் சுவர்ணமுகி ஆற்றைப் பொன்முகலி என்றும் வழங்குவர். அவ்வாற்றங்கரையில் வளர்ந்த கலை கலம்காரி. ‘கலம்’ என்னும் பாரசீகச் சொல்லுக்கு எழுதுகோல் என்பது பொருள். தமிழில் கலம் என்றால் பாத்திரம், கப்பல் எனப் பொருள்படும். இது வேறு சொல்.

கலம்காரிக் கலைஞரின் எழுதுகோல் மிக எளியது. கூராகச் சீவிய மூங்கில் குச்சியின் நுனிக்குச் சற்று மேலே கம்பளியையோ துணியையோ பந்துபோல் சுற்றி நூலால் கட்டுவர். அப்பந்து மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரலால் அதனை மெல்ல அழுத்தினால் மெல்லிய கோடு விழும். சற்று வலுவாக அழுத்தினால் தடித்த கோடு விழும். ஒரே கோலால் கண்ணிமையின் மயிரையும் தூணின் விளிம்பையும் வரைய முடிவது இதனால்தான்.

துணியைப் பதப்படுத்துவதும் ஒரு கலையே. கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்து உலர்த்துவர். கடுக்காய் சாயத்தைப் பற்றிக்கொள்ள உதவுகிறது. பாலிலுள்ள கொழுப்பு, மை துணியில் பரவாமல் தடுக்கிறது. பழைய இரும்புத் துண்டுகளை வெல்லம் கலந்த நீரில் நாட்கணக்கில் ஊறவைத்துக் கரிய மை ஆக்குவர். அந்த மை துணியில் ஏறிவிட்டால் அதனை அழிக்க இயலாது. ஆகவே, கலைஞர் முதலில் புளியங்குச்சியைச் சுட்ட கரியால் உருவத்தை வரைந்து பார்க்கிறார். அக்கரிக்கோடு எளிதில் நீங்கிவிடும். உருவம் சரியாக அமைந்த பின்னரே கலத்தை எடுக்கிறார். தவறு செய்ய ஓரிடம், உறுதி செய்ய வேறோரிடம் என்னும் இம்முறையைப் பின்னர் வேறொரு கருவியிலும் காணலாம்.

மசூலிப்பட்டினத்துக் கலம்காரியில் அச்சுக்கட்டைகள் பயன்படுகின்றன. சீகாளத்திக் கலம்காரியோ கையாலேயே வரையப்படுவது. 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாய் போன்றோரின் முயற்சியால் இக்கலை மீண்டும் தழைத்தது. இதன் மூத்த கலைஞர்களுள் ஒருவரான ஜொன்னலகட்டா குரப்ப செட்டி 2008ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நிழற்படக் கூடத்துப் பென்சில்

கணினி வருவதற்கு முன்பும் நிழற்படங்கள் திருத்தப்பட்டன. படச்சுருளுக்கும் முந்திய காலத்தில் கண்ணாடித் தகட்டில் எதிர்ப்படம் பதிவாகும். அதில் ஒளி மிகுந்த இடம் கருமையாகவும், நிழல் படிந்த இடம் தெளிவாகவும் இருக்கும். திருத்துபவர் அத்தகட்டைச் சாய்வான மேசைமேல் பொருத்துவார். கீழே உள்ள ஆடி வெளிச்சத்தை மேல்நோக்கித் திருப்பும். ஊசிபோல் சீவிய பென்சிலால் அவர் எதிர்ப்படத்தின் தெளிவான இடங்களில் நுண்ணிய புள்ளிகளை இடுவார். அச்சிடும்போது அவ்விடம் வெளுத்துத் தோன்றும். முகச்சுருக்கங்கள் இவ்வாறே மறைக்கப்பட்டன. அச்சுப்படத்தில் தூசியால் விழுந்த வெண்புள்ளிகளை மெல்லிய தூரிகையால் மை தொட்டு நிரப்பினர்.

இப்பணிக்கு இரண்டு திறன்கள் தேவைப்பட்டன. ஒன்று, கைவிரலின் அழுத்தத்தை அளவறிந்து கையாளுதல். மற்றொன்று, எங்கே நிறுத்துவது என்று அறிதல். அளவு மீறிய படத்தில் எழுபது வயது முதியவர் இருபது வயது இளைஞர்போல் தோன்றுவார். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கே அவரை அடையாளம் தெரியாமல் போகும்.

வரைபலகை வந்த வழி

கணினியில் எழுதுகோலால் வரையும் எண்ணம் மிகப் புதியதன்று. 1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் ஒரு வரைபலகையை உருவாக்கியது. பலகைக்குள் நெருக்கமாக அமைந்த மெல்லிய கம்பிக் கோடுகள் எழுதுகோல் இருக்கும் இடத்தைக் கணினிக்கு அறிவித்தன. 1983ஆம் ஆண்டு ஜப்பானில் தோன்றிய வாகாம் நிறுவனம், மின்கலம் இல்லாமலேயே இயங்கும் எழுதுகோலைப் பரவலாக்கியது. அதன் பலகை வெளியிடும் மின்காந்த ஆற்றலையே அவ்வெழுதுகோல் பெற்று, தான் இருக்கும் இடத்தையும் அழுத்தத்தையும் திருப்பி உணர்த்துகிறது.

சுட்டியால் வரைவது ஏன் கடினம்? சுட்டி, தான் எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டுமே சொல்லும். எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது. வரைபலகையின் எழுதுகோலோ இடத்தையே சொல்லும். பலகையின் இடப்பக்க மேல்மூலையைத் தொட்டால் திரையிலும் அதே மூலை தொடப்படும். மேலும், சுட்டியின் பொத்தானுக்கு அழுத்தியது, அழுத்தாதது என்னும் இரண்டு நிலைகளே உண்டு. நல்ல எழுதுகோல் ஆயிரக்கணக்கான அழுத்த நிலைகளை உணரும். கலம்காரிக் கலைஞரின் விரல் கம்பளிப் பந்தில் செய்யும் வேலையை இங்கே மின்னணுக் கருவி செய்கிறது.

பலகைக்கணினி வரைபலகையாதல்

ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் 2010ஆம் ஆண்டு வெளிவந்தது. சாம்சங் நிறுவனம் 2011ஆம் ஆண்டு அழுத்தம் உணரும் எழுதுகோலைத் தன் கேலக்சி நோட் கருவியுடன் தந்தது. 2015ஆம் ஆண்டு ஆப்பிள் பென்சில் வந்தது. இதனால் தனியே வரைபலகை வாங்காமல், படிப்பதற்காக வாங்கிய பலகைக்கணினியையே வரைபலகையாகப் பயன்படுத்தும் வழி திறந்தது. அதற்கு மூன்று முறைகள் உள்ளன.

முதல் முறையில் பலகைக்கணினியே முழு வேலையையும் செய்கிறது. கிருத்தா போன்ற கட்டணமில்லா ஓவிய மென்பொருள் ஆண்ட்ராய்டு பலகைக்கணினியிலும் இயங்கும். சிறிய படங்களுக்கு இதுவே போதும்.

இரண்டாம் முறையில் பலகைக்கணினி மற்றொரு கணினியின் இரண்டாம் திரையாகிறது. மேக் கணினிகளில் 2019ஆம் ஆண்டு வந்த சைடுகார் வசதி இவ்வகையைச் சார்ந்தது. படம் பலகைக்கணினியின் திரையிலேயே தெரியும். எழுதுகோல் தொடும் இடத்தைக் கண் நேரே காணும்.

மூன்றாம் முறையில் எழுதுகோலின் அசைவு மட்டும் யுஎஸ்பி வடம் வழியாகவோ வைஃபை வழியாகவோ கணினிக்குச் செல்கிறது. கை பலகைமேல் இருக்கும். கண் கணினித் திரையை நோக்கும். தொடக்கத்தில் இது தடுமாற்றம் தரும். சில நாட்கள் வட்டங்களும் நேர்கோடுகளும் வரைந்து பழகினால் கை தானே வழி கண்டுகொள்ளும்.

எம்முறையைக் கொண்டாலும் நான்கு செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

1. எழுதுகோலின் வகை: ரப்பர் நுனியுள்ள எளிய எழுதுகோல் விரலின் தொடுகையைப் போலவே செயல்படும். அது அழுத்தத்தை உணராது. மென்மையாகத் திருத்த, அழுத்தம் உணரும் எழுதுகோல் வேண்டும். அது எல்லாப் பலகைக்கணினிகளுக்கும் பொருந்தாது. ஆகவே, வாங்குமுன் பொருத்தத்தை உறுதிப்படுத்த வேண்டும்.

2. பக்க விகிதம்: பலகையின் அகலமும் உயரமும் 4:3 விகிதத்திலும், கணினித் திரை 16:9 விகிதத்திலும் இருப்பதாகக் கொள்ளலாம். பலகை முழுவதையும் திரை முழுவதற்கும் பொருத்தினால், வட்டமாக வரைவது அகன்ற நீள்வட்டமாகத் தோன்றும். அதன் அகலம் உயரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும். பலகையின் மேலும் கீழும் ஒரு பகுதியை விலக்கிவிட்டு, 16:9 அளவுள்ள பரப்பை மட்டும் பயன்படுத்தினால் இக்குறை நீங்கும்.

3. தாமதம்: எழுதுகோல் நகர்வதற்கும் கோடு தோன்றுவதற்கும் இடையே சிறு நேரம் கடக்கிறது. அது மிகுந்தால் கை தடுமாறும். வைஃபை மெதுவாக இருந்தால் வடத்தைப் பயன்படுத்துவது நன்று.

4. உள்ளங்கை: வரையும்போது உள்ளங்கையும் கண்ணாடியில் படும். அத்தொடுகையைப் புறக்கணிக்கும் அமைப்பை இயக்காவிட்டால் வேண்டாத கோடுகள் விழும்.

பழைய படத்தைச் செப்பனிடுதல்

செப்பனிடும் பணி படியெடுப்பதில் தொடங்குகிறது. அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்னும் அளவில் வருடியால் படியெடுத்தால், 4 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உள்ள படம் 2400 × 3600, அதாவது 86 இலட்சத்து 40 ஆயிரம் படப்புள்ளிகள் கொண்டதாகும். நுண்ணிய கீறலையும் காண இது போதும். வருடி இல்லையெனில், நேர்வெயில் படாத சாளரத்தின் அருகே படத்தைத் தட்டையாக வைத்து, கைப்பேசியை அதற்கு இணையாகப் பிடித்து எடுக்கலாம். படத்தின் பின்புறத்தையும் தவறாமல் படியெடுக்க வேண்டும். பலரும் மறப்பது இதனைத்தான்.

அடுத்து, கிம்ப் அல்லது கிருத்தா மென்பொருளில் படத்தைத் திறக்க வேண்டும். இரண்டும் கட்டணமின்றிக் கிடைப்பவை. மூலப்படம் உள்ள அடுக்கைப் பூட்டிவிட்டு, அதன்மேல் வெற்று அடுக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும். எல்லாத் திருத்தங்களும் அம்மேலடுக்கிலேயே நிகழ வேண்டும். திருத்தம் பிழையானால் மேலடுக்கை நீக்கிவிடலாம், மூலப்படம் சிதையாது. கலம்காரியில் கரிக்கோடு செய்த வேலையை இங்கே இந்த அடுக்கு செய்கிறது.

கீறல்களைப் போக்க இரண்டு கருவிகள் உதவும். ஒன்று படிக்கருவி. அது படத்தின் ஓரிடத்தை அப்படியே எடுத்து மற்றோரிடத்தில் பதிக்கும். சேலைக்கரை, சுவர் விளிம்பு போன்ற தெளிவான வடிவங்களுக்கு அது ஏற்றது. மற்றொன்று ஆற்றுகருவி. அது எடுத்த இடத்தின் தன்மையைப் பதியும் இடத்தின் ஒளிக்கும் நிறத்திற்கும் ஏற்ப இசைவிக்கும். முகம், வானம் போன்ற மென்மையான பரப்புகளுக்கு அது ஏற்றது. தூரிகையின் அளவு கீறலைவிடச் சற்றே பெரியதாக இருந்தால் போதும். நீளமாக இழுக்காமல் சிறு சிறு தொடுகைகளாகத் திருத்த வேண்டும். எழுதுகோலின் அழுத்தத்தைத் தூரிகையின் அடர்த்தியோடு இணைத்துவிட்டால், மெல்லத் தொட்ட இடம் மென்மையாகவும் அழுத்திய இடம் அடர்த்தியாகவும் மாறும்.

நிறம் மங்கிய படங்களுக்கு வேறு மருந்து உண்டு. 1970களில் அச்சிட்ட பல வண்ணப்படங்கள் இன்று செம்மை ஏறித் தோன்றுகின்றன. அவற்றின் மூன்று சாயங்களுள் பசுநீலச் சாயம் விரைவில் மங்கியதே அதற்குக் காரணம். நிறச் சமநிலையைத் திருத்தி அச்செம்மையைக் குறைக்கலாம்.

வேலை முடிந்ததும் அடுக்குகளோடு கூடிய கோப்பை ஒரு முறையும், பிஎன்ஜி அல்லது டிஃப் வடிவில் மற்றொரு முறையும் சேமிக்க வேண்டும். ஜேபெக் வடிவில் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் நுண்விவரங்கள் சிறிது சிறிதாக இழக்கப்படும்.

எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது?

கருவி கைவந்தபின் எழும் கேள்வி இது. சித்தூரில் குடியேறிய ஒரு குடும்பத்தில், பாட்டியின் ஒரே படம் எஞ்சியிருப்பதாக எடுத்துக்காட்டுக்குக் கொள்ளலாம். படத்தின் பின்சுவரில் கறை படிந்துள்ளது. பாட்டியின் ஒரு கண் இருக்கும் இடம் பூச்சி அரித்து மறைந்துள்ளது. படம் முழுவதும் செம்மை ஏறியுள்ளது. படத்தைச் செப்பனிடப் பேத்தி முன்வருகிறாள். ‘பாட்டி முகத்தைச் சற்று வெளுப்பாக்கிவிடு’ என்கிறார் உறவினர் ஒருவர்.

சுவரின் கறையை நீக்கலாம். கறையைச் சுற்றிலும் சுவர் தெரிகிறது. மறைந்த இடத்தில் என்ன இருந்தது என்பதற்கு அப்படத்திலேயே சான்று உள்ளது.

அரித்துப்போன கண்ணை என்ன செய்வது? மறுகண்ணை எடுத்து, இடவலமாக மாற்றி ஒட்டிவிடலாம். கருவிக்கு அது எளிய வேலை. ஆனால் எவருடைய இரண்டு கண்களும் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவ்வாறு ஒட்டினால் எவரும் கண்டிராத ஒரு முகம் பிறக்கும். சில ஆண்டுகள் கழித்து அதுவே பாட்டியின் உண்மை முகமாக நம்பப்படும். ஆகவே, முதலில் உறவினர் வீடுகளில் வேறு படம் உள்ளதா என்று தேட வேண்டும். கிடைக்கவில்லையெனில் அவ்விடத்தை மங்கலாகவே விடுவது நேர்மை. நிரப்பியே தீரவேண்டுமெனில், நிரப்பியது இன்னது என்று குறித்து வைக்க வேண்டும்.

நிறத்தைப் பற்றிய வேண்டுகோள் இன்னும் நுட்பமானது. செம்மையைக் குறைப்பதும் நிறமாற்றமே. முகத்தை வெளுப்பதும் நிறமாற்றமே. இரண்டுக்கும் வேறுபாடு என்ன? அதனைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. செம்மையைக் குறைக்கும் திருத்தம் படம் முழுவதற்கும் ஒரே அளவில் செய்யப்படுகிறது. அப்படத்தில் தாத்தா உடுத்திய வேட்டி மீண்டும் வெண்மையாகும். வாழையிலை மீண்டும் பச்சையாகும். அவற்றோடு சேர்ந்து பாட்டியின் மாநிறமும் தன் இயல்புக்கு ஏறத்தாழத் திரும்பும். வெளுப்பாக்கும் திருத்தமோ முகத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்துச் செய்யப்படுகிறது. வேட்டிக்கும் இலைக்கும் தேவைப்படாத திருத்தம் முகத்துக்கு மட்டும் தேவைப்படுமானால், அது காலம் செய்த சேதத்தைச் சரிசெய்வதன்று. பாட்டியின் நிறத்தைக் குறையாகக் கருதுவதாகும். அந்தத் தோல்நிறம் சேதமன்று. அது அவருடையது, அவர் வழியாக அப்பேத்திக்கும் வந்தது.

‘வேட்டி வெளுத்தால் போதும், பாட்டி பாட்டியாகவே இருக்கட்டும்’ என்று பேத்தி அன்போடு மறுத்துச் சொல்லலாம். பெரியவரை மதிப்பதும் உண்மையைக் காப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

கலம்காரியில் ஏறிய மையை அழிக்க முடியாது. அதனால் கலைஞர் எச்சரிக்கையாக வரைகிறார். கண்ணாடிப் பலகையில் எதையும் அழிக்கலாம், எதையும் சேர்க்கலாம், சேர்த்த தடம் தெரியாமலும் செய்யலாம். அதனாலேயே இங்கே எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும்.

படத்தின் பின்புறம்

பழைய படங்களின் பின்புறத்தில் பெரும்பாலும் ஏதேனும் எழுதப்பட்டிருக்கும். ஊரின் பெயர், நாள், நிழற்படக் கூடத்தின் முத்திரை, ‘சின்னவள் கல்யாணம்’ என்பது போன்ற ஒரு குறிப்பு ஆகியவை அங்கே காணப்படும். முகம் மங்கிய படத்திலும் அவ்வெழுத்து யார், எங்கே, எப்போது என்பதைச் சொல்லிவிடும். அதனை எந்த மென்பொருளாலும் முகத்தைப் பார்த்து ஊகித்து எழுத இயலாது.

அவ்வெழுத்துகள் தமிழில் உள்ளன. ஆங்கிலத்திலும் இந்தியிலும் தெலுங்கிலும் நன்கு பயின்ற பிள்ளை, தமிழ் எழுத்தை அறியாவிடில், தன் வீட்டுப் படத்தின் பின்புறத்தைத் தானே படிக்க இயலாது. அறிந்த பிள்ளையோ பென்சிலால் எழுதிய அந்த இரண்டு வரியைப் படித்துப் பெயரையும் ஊரையும் கோப்பின் குறிப்பில் தட்டச்சு செய்து வைக்கும். படிப்பதற்கு அரிதான கையெழுத்தை வீட்டுப் பெரியவரிடம் காட்டிக் கேட்கும். பெரியவர் உள்ளபோதே கேட்டு எழுதி வைப்பது, செப்பனிடும் பணியில் முதன்மையானது. படத்தை நாளையும் திருத்தலாம். பெயரைச் சொல்ல நாளை ஆள் இல்லாமல் போகலாம்.

சொல்லும் பொருளும்

பலகைக்கணினி – டேப்லெட். தொடுதிரை உள்ள தட்டையான கணினி
வரைபலகை – கணினியில் வரைவதற்குரிய பலகை
வருடி – படங்களை ஒளியால் படியெடுக்கும் கருவி, ஸ்கேனர்
சுட்டி – மவுஸ்
எதிர்ப்படம் – ஒளியும் நிழலும் மாறித் தோன்றும் மூலப்பதிவு, நெகட்டிவ்
அடுக்கு – ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் படத்தளம்
ஆடி – முகம் பார்க்கும் கண்ணாடி
மாநிறம் – கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட தோல்நிறம்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. சுவர்ணமுகி ஆற்றைத் தமிழர் __________ என வழங்குவர்.
2. பாலிலுள்ள __________ மை பரவாமல் தடுக்கிறது.
3. ராண்ட் நிறுவனத்தின் வரைபலகை உருவான ஆண்டு __________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கலம்காரிக் கலைஞர் கரிக்கோட்டை முதலில் வரைவது ஏன்?
2. சுட்டிக்கும் வரைபலகை எழுதுகோலுக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டினை எழுதுக.
3. 5 அங்குல அகலமும் 7 அங்குல உயரமும் உள்ள படத்தை அங்குலத்திற்கு 600 புள்ளிகளாகப் படியெடுத்தால் எத்தனை படப்புள்ளிகள் கிடைக்கும்?

இ. விரிவாக விடை எழுதுக.
1. படத்தின் செம்மையைக் குறைப்பதற்கும் முகத்தை வெளுப்பாக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.
2. அரித்துப்போன கண்ணை நிரப்பலாமா, கூடாதா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

கற்பவை கற்றபின்

வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றின் பின்புறத்தைப் பெரியவர் துணையுடன் படிக்க. அதில் உள்ளவர் யார், எந்த ஊரில், எப்போது எடுத்தது என்பதைக் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.